குச்சிக்கிழங்கின் மேல் ஒரு குற்றச்சாட்டு! கணைய நோய்க்குச் சாட்சி சொன்ன எலிகள்

சங்ககிரி மலைக்கோட்டையின் மேல் ஏறி நின்று சுற்றிலும் பார்ப்பவருக்கு இரண்டு காட்சிகள் தப்பாமல் கண்ணில் படும். ஒன்று, சாலை நெடுக ஓடும் லாரிகள். மற்றொன்று, மேட்டுக்காடுகளில் ஆள் உயரம் நிற்கும் மரவள்ளி. 'குச்சிக்கிழங்கு' என்பது இந்தப் பக்கத்துப் பேச்சு. குச்சியை வெட்டி நட்டால் முளைத்துவிடும் அல்லவா, அதனால் வந்த பேர். முள்ளுவாடி என்றும் குங்கும ரோஸ் என்றும் ரகத்துக்கு ஒரு செல்லப் பேரும் உண்டு.

காட்டில் பிடுங்கிய கிழங்கு லாரி ஏறி சேகோ ஆலைக்குப் போகிறது. அங்கே மாவாகி, ஜவ்வரிசியாகி, பாயசத்துக்கும் வடகத்துக்கும் நாடெங்கும் போய்ச் சேருகிறது. யுத்த காலத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது, 1943-ஐ ஒட்டி சேலத்தில் பிறந்த தொழில் இது. 1981-ல் ஆலைக்காரர்களுக்கென்று 'சேகோசர்வ்' என்ற கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இவ்வளவு பேருக்குப் பிழைப்பைக் கொடுக்கும் கிழங்கின் மேல் டாக்டர்கள் ஒரு காலத்தில் கடுமையான குற்றச்சாட்டு ஒன்றைச் சுமத்தினார்கள். மனிதனுடைய கணையத்தைக் கெடுத்து, இளம் வயதிலேயே சர்க்கரை வியாதியைக் கொண்டு வந்து, ஆளைச் சாய்த்துவிடுகிறது என்பதே அந்தக் குற்றச்சாட்டு. வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. முக்கியமான சாட்சிகள் யார் தெரியுமா? வெள்ளெலிகள்!

ஆடு மேய்ந்த தழை

சந்தேகம் வெறும் வாயால் எழுந்ததல்ல. மரவள்ளித் தழையை அளவுக்கு மீறி மேய்ந்த ஆடு சுருண்டு விழும் என்பதை இந்தப் பக்கத்துக் குடியானவர் எவரும் அறிவார். தழையிலும் கிழங்கிலும், முக்கியமாகத் தோலில், 'லினமரின்' என்ற ஒரு பொருள் இருக்கிறது. கசங்கினாலும் நறுக்கினாலும் அதிலிருந்து சயனைடு பிரியும். சயனைடு என்றால் சாதாரண விஷமா!

ஆனால் கிழங்கைத் தின்கிற மனிதன் ஏன் சாவதில்லை? தோலைச் சீவி, நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் விஷத்தில் பெரும்பகுதி போய்விடும். ஆலையிலும் கழுவி, அரைத்து, மாவைத் தண்ணீரில் படிய வைக்கும்போது அது நீங்கிவிடுகிறது. மிச்சம் மீதியை நம் உடம்பே மாற்றி சிறுநீரில் தள்ளிவிடும். அந்த வேலைக்குக் கந்தகச் சத்து வேண்டும். கந்தகச் சத்து எங்கிருந்து வரும்? பருப்பு, முட்டை, மீன், பால் முதலிய புரத உணவுகளிலிருந்து. மூன்று வேளையும் கிழங்கையே தின்று, பருப்பைக் கண்ணால் காணாத ஏழைக்கு அது எங்கே கிடைக்கும்?

இந்த இடத்தில்தான் டாக்டர்களின் சந்தேகம் வேரூன்றியது. 1959-ல் ஜுய்டெமா என்ற டாக்டர் இந்தோனேஷியாவில் ஏழை நோயாளிகள் சிலரைப் பற்றி எழுதினார். அவர்களுடைய கணையத்தில் சுண்ணாம்புக் கற்கள் இருந்தன. சர்க்கரை வியாதியும் இருந்தது. மரவள்ளிதான் அவர்களுடைய முக்கிய உணவு. கேரளத்திலும் இதே கதை. அங்கே டாக்டர் பி. ஜே. கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளை ஆராய்ந்து 1968-ல் ஒரு புத்தகமே வெளியிட்டார். சிறு வயதில் அடிக்கடி வயிற்றுவலி, வாலிபத்தில் சர்க்கரை, நடுவயதைக் காணுமுன் மரணம். அந்நாளில் அதன் போக்கு இப்படி இருந்தது. நோயாளிகளில் பலர் குடியையே அறியாதவர்கள். 1979-ல் மக்மில்லன் என்பவருடன் சேர்ந்து, உணவிலுள்ள சயனைடுதான் இதற்குக் காரணம் என்று கீவர்கீஸ் ஒரு வாதத்தை முன்வைத்தார். எலிகளுக்கு சயனைடு கொடுத்துப் பார்த்தபோது ரத்தத்தில் சர்க்கரை ஏறியதும் அந்த வாதத்துக்குப் பலம் சேர்த்தது.

தன்னைத்தானே தின்னும் உறுப்பு

கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகப் படுத்திருக்கும் ஓர் உறுப்பு. நீளம் அரை அடிதான். எடை நூறு கிராமைத் தாண்டாது. நல்ல நாளில் யாருக்கும் அதன் நினைவே வராது. அது செய்கிற வேலையோ பிரமாதம். இன்சுலினை ரத்தத்தில் விடுகிறது. தினம் ஒன்றரை லிட்டர் வரை ஜீரணச் சாற்றைக் குடலில் விடுகிறது. இறைச்சியையும் கரைக்கக் கூடிய சாறு அது. அப்படியானால் கணையத்தையே அது ஏன் கரைப்பதில்லை?

கரைக்காதபடி இயற்கை ஒரு பூட்டுப் போட்டிருக்கிறது. 'டிரிப்ஸின்' என்ற அந்தச் சாற்றுப் பொருள் கணையத்துக்குள் இருக்கும் வரை தூங்குகிறது. சிறுகுடலில் போய் விழுந்த பிறகே கண் விழிக்கிறது. தப்பித் தவறி முன்னதாகவே விழித்துவிட்டால் ஆபத்து. கணையம் தன்னைத்தானே ஜீரணிக்கத் தொடங்கிவிடும். பிராக் நகரத்து ஹான்ஸ் கியாரி 1896-லேயே இதைச் சொன்னார்.

திடீர்க் கணைய அழற்சி என்பது இதுதான். மேல் வயிற்றில் குத்தி முதுகுக்குத் துளைத்துக் கொண்டு போகிற வலி, நிற்காத வாந்தி. பித்தப்பைக் கல்லும் குடியும்தான் இதற்குப் பெரிய காரணங்கள். பெரும்பாலோர் ஒரு வாரத்தில் எழுந்து நடமாடுகிறார்கள். ஐந்தில் ஒருவருக்கு வியாதி முற்றுகிறது. கணையம் அழுகி, சிறுநீரகமும் நுரையீரலும் தளர்ந்து, உயிருக்கே ஊசலாட்டம். கேரளத்தில் கண்டது இதற்கு அண்ணன் தம்பி முறை. அங்கே கணையம் ஒரே நாளில் எரியாமல் பல ஆண்டுகள் கனன்று கல்லாகிறது.

இந்த உறுப்பை உயிருள்ள மனிதனிடம் எட்டிப் பார்ப்பது கஷ்டம். ஊசி குத்தித் துணுக்கு எடுத்தாலும் அது கோபித்துக் கொள்ளும். வியாதி வந்தவர் ஆஸ்பத்திரிக்கு வரும்போது முதல் அத்தியாயம் முடிந்துபோயிருக்கும். ஆகையால் பிராணிகளுக்கு அந்த வியாதியை வரவழைத்துப் பார்ப்பதைத் தவிர விஞ்ஞானிகளுக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று.

நாய், தவளை, பட்டினிச் சுண்டெலி

முதலில் பலியானது நாய். பிரெஞ்சு தேசத்து கிளோட் பெர்னார் 1856-ல் ஒரு நாயின் கணையக் குழாயில் பித்தநீரையும் ஆலிவ் எண்ணெயையும் செலுத்தினார். கணையம் வெந்து போயிற்று. 1901-ல் அமெரிக்காவில் ஆபி என்ற டாக்டர், இந்நோயால் இறந்த ஒருவருடைய உடலைப் பரிசோதித்தபோது, பித்தக் குழாயும் கணையக் குழாயும் ஒன்றுகூடும் வாசலில் ஒரு கல் அடைத்துக் கொண்டிருப்பதைக் கண்டார். பித்தப்பைக் கல்லுக்கும் கணையத்துக்கும் உள்ள உறவு அன்றுதான் துலங்கிற்று.

பின்னர் அரங்குக்கு வந்தது ஒரு தவளை! ஆஸ்திரேலியாவின் பச்சை மரத்தவளை. பச்சையாக இருந்தாலும் அதற்கு லத்தீனில் 'நீலத் தவளை' என்று பொருள்படும் பேர். ஸ்பிரிட்டில் ஊறி நிறம் மாறிய தவளையைப் பார்த்துப் பேர் வைத்துவிட்டார்கள் என்று கதை. இத்தாலிய விஞ்ஞானி விட்டோரியோ எர்ஸ்பாமரும் அவருடைய சகாக்களும் 1967-ஐ ஒட்டி அதன் தோலிலிருந்து 'செருலின்' என்ற பொருளைப் பிரித்தார்கள். சாப்பிட்டதும் கணையத்தைத் தட்டி எழுப்ப நம் குடலில் ஊறும் பொருளுக்கு அது இரட்டைப் பிள்ளை. அளவோடு கொடுத்தால் கணையம் சாறு சுரக்கும். அளவை மீறிக் கொடுத்தால்? 1977-ல் ஜெர்மனியில் லாம்பெல், கெர்ன் என்ற இருவர் எலிகளுக்கு அப்படிக் கொடுத்தார்கள். சாறு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே விழித்துக் கொண்டது. அழற்சி வந்துவிட்டது!

இன்று உலகத்தின் சோதனைச் சாலைகளில் அதிகமாகக் கையாளப்படும் முறை இதுதான். மணிக்கு ஒரு தடவை ஊசி. அரை நாளைக்குள் வியாதி தயார். செருலினைத் தொழிற்சாலையில் செய்கிறார்கள். தவளைக்கு இப்போது தொந்தரவு இல்லை. முறை சுலபம். ஆனால் ஒரு குறை. எலிக்கு வரும் வியாதி லேசானது, சில நாளில் தானாகவே ஆறிவிடும். மனிதரில் யாரும் செருலின் ஊசியால் படுக்கையில் விழுவதும் இல்லை.

கடுமையான வியாதி வேண்டுமென்றால் வேறு முறைகள் உண்டு. கணையக் குழாயில் பித்த உப்பைச் செலுத்துவது ஒன்று. உணவாலேயே வியாதியை உண்டாக்குவது இன்னொன்று. கோலின் என்ற சத்தை நீக்கி, எத்தியோனின் என்ற பொருளைச் சேர்த்த தீனியை இளம் பெண் சுண்டெலிகளுக்குப் போட்டார்கள். சில நாளில் கணையம் ரத்தம் கக்கி அழுகிற்று. சுண்டெலிகள் கூட்டமாக இறந்தன. 1975-ல் வெளிவந்த ஆராய்ச்சி இது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே தீனியை ஆண் சுண்டெலிகள் பெரும்பாலும் தாங்கிக் கொள்கின்றன. பிராணிக்குப் பிராணியும் வித்தியாசம். குழாயைக் கட்டிவிட்டால் எலியின் கணையம் மெல்ல வாடிச் சுருங்குமே தவிர அழுகாது. அமெரிக்காவில் 'ஒபாஸம்' என்று ஒரு பைப்பிராணி உண்டு. அதன் குழாயைக் கட்டினால் கணையம் அழுகியே போகும்.

குடியின் கதை இன்னும் விசித்திரம். மதுவிலக்கை நாட்டிலேயே முன்னோடியாகப் பார்த்த ஜில்லா சேலம். ராஜாஜியின் மந்திரிசபை 1937 அக்டோபர் 1-ந் தேதி மதுவிலக்கை முதன்முதலில் இங்கேதான் அமல் செய்தது. சங்ககிரியும் அதில் அடக்கம். குடி கணையத்தைக் கெடுக்கும் என்பதில் டாக்டர்களுக்குச் சந்தேகமே கிடையாது. எலிக்கு மட்டும் அது ஒத்து வரவில்லை. எத்தனை நாள் சாராயம் கலந்த தீனி போட்டாலும் எலிக்கு அழற்சி வருவதில்லை! சாராயத்தோடு கொஞ்சம் செருலினும் சேர்ந்தால்தான் கணையம் அதிகமாகக் கெடுகிறது. குடிப்பவர்களிலும் சிலருக்கே இந்த வியாதி வருவதன் மர்மம் இதில் ஒளிந்திருக்கலாம். குடி, கதவின் தாழ்ப்பாளைத் தளர்த்துகிறது. கதவைத் திறப்பது வேறொன்று. இதைச் சாக்காக வைத்துக் கொண்டு எவரும் கடைப்பக்கம் போக வேண்டியதில்லை. தளர்ந்த தாழ்ப்பாள் எந்த நாள் திறக்கும் என்று எவருக்கும் தெரியாது.

தரமணியில் தீர்ப்பு

இப்போது கிழங்கின் வழக்குக்கு வருவோம்.

சந்தேகம் வந்தபோதே எதிர்வாதமும் வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கானோர் மரவள்ளியைத் தின்கிறார்கள். அங்கே இந்த வியாதி அவ்வளவாக இல்லையே? கிழங்கைக் கண்டிராத வட இந்தியரிடமும் சென்னை நோயாளிகளிடமும் இது காணப்படுகிறதே? வாதம் எத்தனை செய்தாலும் நேரில் பார்க்காமல் தீராது. எலிக்குக் கிழங்கையே நீண்ட காலம் தீனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அதைச் சென்னையில் செய்தார்கள். தரமணியிலுள்ள சென்னைப் பல்கலைக் கழகத்தின் அடிப்படை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மாதங்கி, நமசிவாயம் முதலியோரும், சர்க்கரை வியாதி நிபுணர் டாக்டர் வி. மோகனும் இதில் ஈடுபட்டார்கள். 2000-ம் ஆண்டு கணைய ஆராய்ச்சிக்கான சர்வதேசப் பத்திரிகை ஒன்றில் முடிவு வெளிவந்தது. நீண்ட காலம் மரவள்ளியைத் தின்ற எலிகளுக்குச் சர்க்கரை வியாதியும் வரவில்லை, கணைய அழற்சியும் வரவில்லை என்பதே அந்த முடிவு.

குச்சிக்கிழங்கு விடுதலை ஆயிற்றா? முழுக்க அல்ல. அதற்கு முந்தின ஆண்டு, 1999-ல், சந்தியாமணி முதலியோர் வேறொரு சாட்சியைக் கொண்டு வந்திருந்தார்கள். கோயில்களிலும் மலைப்பாதைகளிலும் நாம் பார்க்கும் நாட்டுக் குரங்குதான் அந்தச் சாட்சி. புரதம் மிகக் குறைந்த, மரவள்ளி மாவு மிகுந்த உணவைக் குரங்குகளுக்குக் கொடுத்து வந்தபோது அவற்றின் கணையம் மாறிற்று. குற்றவாளி கிழங்கா, அதனுடன் பருப்பும் முட்டையும் இல்லாத தட்டா? தட்டுதான் என்று நினைக்க நிறைய இடமிருக்கிறது.

பிறகு மூன்றாவது சாட்சியும் கிடைத்தது. அது பிராணி அல்ல; பரம்பரை. டிரிப்ஸின் தப்பி விழித்தால் அடக்குவதற்குக் கணையத்தில் ஒரு 'பிரேக்' இருக்கிறது. அதைச் செய்யும் மரபணுவுக்கு ஸ்பிங்க்-1 என்று பேர். நீடித்த கணைய அழற்சி உள்ள குழந்தைகளிடம் இந்த மரபணு பழுதுபட்டிருப்பதை 2000-ல் ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். 2002-ல் ஹைதராபாத் விஞ்ஞானிகள் நம் நாட்டு நோயாளிகளிடமும் அதே பழுதைக் காட்டினார்கள். சுண்டெலியில் அதற்கு இணையான மரபணுவை 2005-ல் ஜப்பானியர் அறவே நீக்கிப் பார்த்தார்கள். பிறந்த குட்டிகள் இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. கணையம் சிதைந்து மாண்டன.

ஆகவே பிரேக் தேய்ந்த வண்டிக்கு எந்த மேடு பள்ளமும் ஆபத்துதான். கிழங்கின் மேல் மட்டும் பழி போடுவது நியாயமல்ல. கிழங்கை வேக வைக்கும்போது தண்ணீரைக் கொட்டுகிற பழைய வழக்கத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. ஆலைக்கென்று பயிரிடும் கசப்பு ரகத்தை வீட்டு அடுப்பில் ஏற்றவும் கூடாது.

எலி பிழைத்தது, மனிதன்?

இத்தனை பிராணிகளை வாட்டியும் திடீர்க் கணைய அழற்சிக்கு மருந்து கிடைத்ததா? இல்லை! இந்த வியாதிக்கென்று ஒரு தனி மருந்து இன்று வரை கிடையாது. நரம்பு வழியே அளவாகத் திரவம் ஏற்றுகிறார்கள்; வலியை அடக்குகிறார்கள்; முடிந்த மட்டும் சீக்கிரமே வாய் வழியே ஆகாரம் கொடுக்கிறார்கள்; கல் இருந்தால் எடுக்கிறார்கள். அவ்வளவுதான்.

மருந்துகள் வராமல் இல்லை. எலியிடம் ஜெயித்து மனிதனிடம் தோற்றன. டிரிப்ஸினை அடக்கும் அப்ரோடினின் என்ற மருந்து பிராணிகளைக் காப்பாற்றிற்று. பிரிட்டிஷ் டாக்டர்கள் பல ஆஸ்பத்திரிகளில் அதைச் சோதித்து 1977-ல் முடிவை வெளியிட்டார்கள். சாவு குறையவில்லை. லெக்சிபபான்ட் என்று இன்னொன்று வந்தது. 290 நோயாளிகளிடம் பார்த்தார்கள். 2001-ல் அதையும் கைவிட நேர்ந்தது.

எல்லாவற்றிலும் நெஞ்சைச் சுடுவது ஹாலந்து தேசத்துச் சோதனை. தயிரில் இருப்பது போன்ற நல்ல கிருமிகளைக் குடலில் செலுத்தினால், அழுகிய கணையத்துக்குக் கெட்ட கிருமிகள் பரவாமல் தடுக்கலாம் என்று எண்ணினார்கள். எலிகளிடம் நல்ல பலன் கிடைத்தது. தயிரால் யாருக்கு என்ன கெடுதல் வரப்போகிறது? நம்பிக்கையோடு நோயாளிகளிடம் பார்த்தார்கள். 2008-ல் கணக்கு வெளிவந்தது. வெறும் பொடி கொடுத்த 144 பேரில் இறந்தவர்கள் 9 பேர். நல்ல கிருமி கொடுத்த 152 பேரில் இறந்தவர்கள் 24 பேர்! உலகத்து டாக்டர்கள் திடுக்கிட்டுப் போனார்கள்.

எலி பொய் சொல்லிற்றா? எலி பொய் சொல்லாது. கேட்ட கேள்விதான் வேறு. சோதனைச் சாலையில் வியாதி எந்த நிமிஷம் தொடங்கும் என்பது விஞ்ஞானிக்குத் தெரியும். அவரே அல்லவா ஊசி போடுகிறார்! மருந்தை அதற்கு முன்பே கொடுத்துவிடலாம், அல்லது கூடவே கொடுக்கலாம். மனிதனுக்கு அப்படியா?

சங்ககிரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ராத்திரி பத்து மணிக்கு ஒருவருக்கு வலி தொடங்குகிறது என்று வைத்துக் கொள்வோம். 'வாயுத் தொல்லை' என்று முதலில் ஓமத் தண்ணீர். பிறகு சோடா. பிறகு வீட்டிலிருக்கும் மாத்திரை. விடியட்டும் என்று காத்திருந்து, உள்ளூர் டாக்டரிடம் காட்டி, அவர் சீட்டு எழுதிக் கொடுத்து, சேலத்துக்கோ ஈரோட்டுக்கோ போய்ச் சேரும்போது மதியம் தாண்டிவிடும். ரத்தம் எடுத்துச் சோதித்து, படம் பிடித்து, இன்ன வியாதி என்று தெளிவதற்குள் கணையத்துக்குள் வேண்டிய அளவு நாசம் நடந்து முடிந்திருக்கும். எலிக்குத் தீப்பிடிக்கும் முன்பே தண்ணீர் ஊற்றினார்கள். மனிதனுக்குக் கூரை விழுந்த பிறகு ஊற்றுகிறார்கள்.

இதை மெய்ப்பிப்பது போல ஓர் ஒற்றை வெற்றியும் உண்டு. வாய் வழியே குழாய் விட்டுப் பித்தக் குழாயைச் சோதிக்கும் ஒரு சிகிச்சை இருக்கிறது. அதைச் செய்யும்போது சிலருக்கு அழற்சி வந்துவிடும். எப்போது வரும் என்பது இங்கே டாக்டருக்கு முன்கூட்டியே தெரியும், எலியிடம் தெரிந்தது போலவே. அமெரிக்காவில், அபாயம் மிகுந்த நோயாளிகளுக்கு அந்தச் சிகிச்சையை ஒட்டி இண்டோமெதசின் என்ற மலிவான மருந்தை ஆசனவாய் வழியே வைத்துப் பார்த்தார்கள். 2012-ல் முடிவு வந்தது. மருந்து இல்லாதவர்களில் 100-க்கு 17 பேருக்கு வந்த அழற்சி, மருந்து வைத்தவர்களில் 100-க்கு 9 பேருக்குத்தான் வந்தது. இன்று பல ஆஸ்பத்திரிகளில் அது சாதாரண வழக்கம்.

வாயில்லா ஜீவன்களை இப்படி வாட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ராஜ்ய சபை அங்கத்தினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1950-களிலேயே இதற்காகக் குரல் எழுப்பினார். அதன் பலனாகப் பிறந்ததுதான் 1960-ம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம். பிராணிகளின் மேல் செய்யும் சோதனைகளைக் கண்காணிக்க அந்தச் சட்டம் ஒரு கமிட்டிக்கு இடம் வைத்தது. இந்தக் காரியத்துக்கு இத்தனை எலி எதற்கு, வலி தெரியாமல் செய்ய வழி உண்டா என்று இன்று ஆராய்ச்சியாளர் முன்னதாகவே பதில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

கணைய ஆராய்ச்சிக்காரர்களை இப்போது அவர்களுடைய சகாக்களே இன்னொரு கேள்வியும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். 'என் மருந்து எலியைக் காப்பாற்றிவிட்டது' என்று ஒருவர் கட்டுரையோடு வந்தால், முதலில் கேட்பது இதுதான்: "எலிக்கு வியாதி தொடங்கி எத்தனை மணி நேரம் கழித்து மருந்து கொடுத்தீர்கள்?"